பொங்கலன்று பரேலில் 300 பேருக்குச் சாப்பாடு: அளவு, அனுமதி, நேரக் கணக்கு வேண்டும்

செம்பூர்_தொண்டர்குழு:

வணக்கம். மும்பை செம்பூரில் ஒரு சிறிய தொண்டர் குழு நடத்துகிறோம். 28 பேர், பாதிப் பேர் கல்லூரிப் பிள்ளைகள். தை 1 என்றால் வழக்கமாக வளாகத்துக்குள்ளேயே பொங்கல் வைத்து, கோலப்போட்டி நடத்தி, போட்டோ எடுத்துக் கலைந்துவிடுவோம். இந்தத் தடவை பண்டிகையை வெளியே கொண்டுபோகலாம் என்று தீர்மானம்.

திட்டம் இதுதான். காலையில் எங்கள் வளாகத்தில் வெண்பொங்கல், சாம்பார், சர்க்கரைப் பொங்கல் சமைத்து, டெம்போவில் பரேலுக்குக் கொண்டுபோய், டாடா மெமோரியல் புற்றுநோய் மருத்துவமனை, கே.ஈ.எம். மருத்துவமனை வாசலில் இருக்கும் நோயாளிகளுக்கும் உறவினர்களுக்கும் 11 மணிக்குப் பரிமாறுவது. 300 பேர். கூடவே 100 போர்வை. ஜனவரி 26 அன்று வளாகத்தில் ரத்ததான முகாம்.

கேட்க வேண்டியவை: மளிகை அளவு, பாத்திரம், கேஸ், யாரிடம் அனுமதி வாங்குவது, நாட்டு நலப்பணித் திட்டத்தில் இருக்கும் பிள்ளைகளுக்கு இந்த நேரம் கணக்கில் சேருமா. கேட்டரிங்காரரிடம் விடச் சொல்லாதீர்கள். நாங்களே சமைப்பது என்பதில் எல்லோரும் உறுதியாக இருக்கிறோம்.

---

அடுப்படி_அண்ணாச்சி:

தம்பி, நீங்களே சமைக்கலாம், ஒண்ணும் பயமில்லை. ஆனா வீட்டு அளவை 60 மடங்கு பெருக்கினா பொங்கல் வராது. ஆளுக்கு வெண்பொங்கல் 250 கிராமுக்குக் கொஞ்சம் கூட, சர்க்கரைப் பொங்கல் 100 கிராம், சாம்பார் 150 மில்லின்னு வச்சு எழுதுறேன்.

வெண்பொங்கலுக்கு: பச்சரிசி 12 கிலோ, பாசிப்பருப்பு நாலரை கிலோ, தண்ணி 75 லிட்டர், நெய் 2 கிலோ, மிளகு 150 கிராம், சீரகம் 150, இஞ்சி அரை கிலோ, முந்திரி 600, பெருங்காயம் 40, கறிவேப்பிலை தாராளமா. உப்பு 600 கிராம்ல ஆரம்பிச்சு, வெந்த பிறகு ருசி பார்த்து 700 வரைக்கும் போகலாம். மிளகுல பாதியைக் கொரகொரன்னு பொடிச்சிடுங்க. பழக்கமில்லாதவங்க முழு மிளகைக் கடிச்சா தட்டை அப்படியே வச்சிடுவாங்க.

சர்க்கரைப் பொங்கலுக்கு: அரிசி நாலரை கிலோ, பாசிப்பருப்பு 1 கிலோ, தண்ணி 20 லிட்டர், வெல்லம் 8 கிலோ, நெய் ஒன்றரை கிலோ, முந்திரி 400 கிராம், திராட்சை 250, ஏலக்காய் 40. பச்சைக் கற்பூரம் இரண்டு மிளகு அளவு போதும். டப்பாவை நீங்களே பார்த்து வாங்குங்க. பூஜைக்கு ஏத்துற கற்பூரம் விஷம், அவசரத்துல கடைக்குப் போற பையன் அதை வாங்கிட்டு வந்துடுவான்.

சாம்பார் 45 லிட்டர்: துவரம்பருப்பு 4 கிலோ, புளி அரை கிலோ, சாம்பார் பொடி அரை கிலோ, பூசணி, கத்தரி, கேரட் சேர்த்து 8 கிலோ. முருங்கைக்காய் வேண்டாம், நின்னுகிட்டுச் சாப்பிடுறவங்க சக்கையை எங்கே துப்புவாங்க? தேங்காய் அரைச்சு ஊத்தவே கூடாது. தேங்காய்ச் சட்னியும் கிடையாது. முதல்ல கெட்டுப்போறது அதுதான்.

அரிசி: இங்கே கிடைக்கிற கோலம் அரிசி குழைய நல்லா இருக்கும். புது அரிசின்னா தண்ணியைப் பத்துல ஒரு பங்கு குறைக்கணும், பழசுன்னா 75 லிட்டரும் கேட்கும். முந்தின நாளே அரைக் கிலோ போட்டு வேகவச்சுப் பார்த்துட்டா சந்தேகமே இருக்காது.

வெல்லம்: மார்க்கெட்ல பெரும்பாலும் கோலாப்பூர் வெல்லம்தான். பளீர்னு மஞ்சளா இருக்கிறதை எடுக்காதீங்க, நிறத்துக்காக ரசாயனம் போட்டு வெளுத்திருப்பாங்க. கொஞ்சம் கறுத்ததா பார்த்து, ஒரு துண்டை வாயில போட்டுப் பாருங்க. உப்புக் கரிச்சா அந்த மூட்டையே வேண்டாம். 2 லிட்டர் தண்ணில கரைச்சு, கொதிக்கவிட்டு, துணியில வடிகட்டியே தீரணும். எட்டுக் கிலோவுல அடியில தங்குற மண்ணைப் பார்த்தீங்கன்னா ஏன்னு கேட்க மாட்டீங்க.

தப்பு நடக்கிற இடம் மூணு. ஒண்ணு, அரிசி முழுசா வேகுறதுக்கு முன்னாடி வெல்லம் போடறது. அதுக்குப் பிறகு எவ்வளவு நேரம் கிண்டினாலும் பருக்கை விறைச்சு நிக்கும், மறுபடி வேகாது. ஒரு பருக்கையை எடுத்து விரலால நசுக்குங்க; நடுவுல வெள்ளைப் புள்ளி தெரியாம இருந்தாத்தான் பாகு ஊத்தணும். பால் சேர்க்காதீங்க. கொதிக்கிற பால்ல வெல்லம் விழுந்தா திரிஞ்சுடும். பால் பொங்குற சடங்குக்குச் சின்னப் பானை தனியா வச்சுக்கோங்க.

ரெண்டு, வெண்பொங்கலை வீட்டுப் பதத்துல இறக்கறது. அடுப்புல சரியா இருக்கிற பொங்கல் பரேல் போய்ச் சேரும்போது கரண்டி இறங்காத அளவுக்கு இறுகிடும். இறக்கும்போது இட்லி மாவு பதத்துல வழியணும். அதனால 75 லிட்டர்ல 60ஐ முதல்ல வச்சு, 15 லிட்டரைக் கொதிக்கக் கொதிக்கத் தனியா வச்சிருந்து கடைசியில இளக்குங்க. பச்சைத் தண்ணி ஊத்தினா பிரிஞ்சு நிக்கும், சீக்கிரம் கெடவும் செய்யும்.

மூணு, அடிபிடிக்கிறது. 12 கிலோவை ஒரே அண்டாவில போடாதீங்க. 60 லிட்டர் அண்டா ரெண்டுல ஆறு ஆறு கிலோவாப் பிரிங்க. அதுக்கு மேல போனா புதுசா கிண்டுறவங்க கைக்கு அடி எட்டாது. பருப்பை லேசா வறுத்துப் போடுங்க, வெந்ததும் தீயைப் பாதியாக்குங்க. மீறிப் பிடிச்சிட்டா சுரண்டக் கூடாது. மேலாப்பை வேற பாத்திரத்துக்கு மாத்திட்டு அடியை விட்டுடுங்க. சுரண்டின கரண்டியால ஒரு தடவை கிளறினாலே மொத்த அண்டாவும் தீய்ஞ்ச வாடை அடிக்கும்.

பாத்திரம், பட்டி அடுப்பு எல்லாம் மண்டப் டெக்கரேட்டர்கிட்ட வாடகைக்குக் கிடைக்கும்: அண்டா 5, அடுப்பு 3, நீளக் கரண்டி 4, மூடி போட்ட பால் கேன் 2, சாம்பார் கொண்டுபோக. கேஸ் 19 கிலோ வணிக சிலிண்டர் ரெண்டு, அதுக்கான உயர் அழுத்த ரெகுலேட்டரோட. வீட்டு சிலிண்டரை இதுக்குப் பயன்படுத்தக் கூடாது, சட்டப்படியும் தப்பு. மூணு அடுப்பையும் ஒரே சிலிண்டர்ல இழுத்தா வெளிப்பக்கம் பனி பிடிச்சுத் தீ படுத்துடும். காலியாயிடுச்சுன்னு நினைச்சுக் கழட்டுவாங்க. அதனாலதான் ரெண்டு. ஹாலுக்குள்ளேயும் பேஸ்மென்ட் பார்க்கிங்லயும் அடுப்பு ஏத்தாதீங்க. திறந்த இடம், பக்கத்துல தீயணைப்பான், மணல் வாளி.

முனிசிபாலிட்டி தண்ணி உங்க பக்கம் எத்தனை மணிக்கு வருதுன்னு பார்த்து முந்தின நாளே 500 லிட்டர் பிடிச்சு வைங்க. 75 லிட்டர்னு எழுதினது பொங்கலுக்கு மட்டும். அரிசி களையவும் அண்டா கழுவவும் அதைப் போல பல மடங்கு போகும்.

நேரம்: 5 மணிக்கு சர்க்கரைப் பொங்கல், சாம்பார், வெந்நீர் மூணும் ஏறணும். ஏழரைக்கு முதல் ரெண்டையும் இறக்கிட்டு, அந்த ரெண்டு அடுப்புல வெண்பொங்கல். 9 மணிக்கு இறக்கி, சாம்பாரை மறுபடி ஒரு கொதி விட்டு, ஒன்பதே காலுக்கு டெம்போ கிளம்பணும். அண்டா முக்கால் பாகத்துக்கு மேல நிரம்பக் கூடாது. வாயைத் துணி போட்டுக் கட்டி, அடியில பிரிமனையோ பழைய டயரோ வச்சாத்தான் சயான் சர்க்கிள் திருப்பத்துல சரியாது.

---

பரேல்_நடைபாதை:

அண்ணாச்சி சமையலைச் சொல்லிவிட்டார். ஆனால் செம்பூர் குழு இன்னும் முதல் வேலையையே செய்யவில்லை என்று தோன்றுகிறது. அங்கே இருப்பவர்களிடமோ அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களிடமோ கேட்டீர்களா?

பண்டிகை நாளில் பரேலுக்குச் சாப்பாட்டு வண்டிகள் அடுத்தடுத்து வரும். எல்லோரும் மதியம் 11லிருந்து 1க்குள்தான் வருவார்கள். ராத்திரி எட்டரைக்கு ஒருவரும் இருக்கமாட்டார்கள். மருத்துவமனையின் சமூகப் பணியாளர் பிரிவில் ஒரு வாரம் முன்பே போய், அன்றைக்கு வேறு யார் வருகிறார்கள், எந்த வேளை காலியாக இருக்கிறது என்று கேளுங்கள். வெளியூர்ப் புற்றுநோயாளிகளும் உறவினர்களும் தங்கும் தர்மசாலைகளும் உண்டு, தாதரில் காட்கே மகராஜ் தர்மசாலை மாதிரி. அங்கே நிர்வாகியிடம் பேசினால் எண்ணிக்கை துல்லியமாகக் கிடைக்கும், உட்கார்ந்து சாப்பிட இடமும் இருக்கும். நடைபாதையில் 300 என்பது வெறும் ஊகம்.

அடுத்தது முக்கியம். கீமோ ஓடிக்கொண்டிருக்கும் நோயாளிக்கு வெள்ளணு குறைந்திருக்கும். நமக்கு ஒன்றும் செய்யாத கிருமி அவரை ஐ.சி.யு.வில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். இறக்கி இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆன சாப்பாட்டை நோயாளிக்கு நீங்களாகக் கொடுக்கக் கூடாது. உறவினருக்கு மட்டும் என்று தெளிவாகச் சொல்லுங்கள். நோயாளிக்கு ஏதாவது தர ஆசையென்றால் தோல் உரித்துச் சாப்பிடும் வாழைப்பழம், சீல் உடையாத தண்ணீர் பாட்டில். அதையும் செவிலியரிடம் கேட்டு. மேலே பச்சையாகக் கொத்தமல்லி தூவுவது, வெங்காயப் பச்சடி இதெல்லாம் இந்த இடத்துக்கு வேண்டாம்.

வரிசையில் நிற்பவர்களில் பெரும்பாலோர் பீகார், உத்தரப் பிரதேசம், வங்காளம், ஜார்க்கண்ட் பக்கம். வெண்பொங்கல் என்றால் புரியாது. "மூங் தால் கிச்சடி" என்று சொல்லுங்கள், கை நீளும். ஊறுகாய் ஒரு டின் வைத்துக்கொள்ளுங்கள், சாம்பாரைவிட அது வேகமாகத் தீரும். இந்தி சரளமாகப் பேசும் இரண்டு பேர் வரிசையின் தலையில் நிற்க வேண்டும்.

முந்தின நாள் மாலையே 250 டோக்கன் கொடுத்துவிடுங்கள். 50 பங்கு டோக்கன் இல்லாமல் வருபவர்களுக்கு. ஒரு வரிசைக்கு மூன்று பேர் பரிமாறினால் நிமிடத்துக்கு எட்டுப் பேர் கடப்பார்கள், 300 பேருக்கு 40 நிமிடம் ஆகும். இரண்டு வரிசை போட்டால் பாதி நேரத்தில் முடியும், தள்ளுமுள்ளும் இருக்காது. முதியவர்களுக்கும் கைக்குழந்தைக்காரர்களுக்கும் வரிசையே வேண்டாம், இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள். ஆம்புலன்ஸ் வரும் வாசலில் டெம்போவை ஒரு நிமிடம்கூட நிறுத்தாதீர்கள்.

தெர்மாகோல், பிளாஸ்டிக் தட்டு, கப் எல்லாம் மகாராஷ்டிராவில் 2018லிருந்து தடை. 10 அங்குலப் பாக்குமட்டைத் தட்டு, சாம்பாருக்கு இலைத் தொன்னை (கடையில் "துரோண்" என்று கேளுங்கள்). எச்சில் தட்டுக்குப் பெரிய பை ஆறு, அதைப் பார்த்துக்கொள்ள இரண்டு ஆள். குப்பையைத் திரும்ப டெம்போவிலேயே ஏற்றுங்கள். நடைபாதையில் விட்டுவிட்டு வந்தால் அடுத்த குழுவுக்கு அங்கே நிற்க இடம் கொடுக்கமாட்டார்கள்.

அனுமதி: பரேல் மாநகராட்சியில் எஃப் தெற்கு வார்டு. அங்கே ஒரு கடிதம், உள்ளூர்க் காவல் நிலையத்தில் ஒரு கடிதம், இரண்டுக்கும் முத்திரை போட்ட நகல் கையில் இருக்கட்டும். தர்மசாலைக்கு உள்ளே என்றால் நிர்வாகியின் எழுத்துச் சம்மதம். கூட்டங்களில் உணவு வழங்குவதும் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் பதிவுக்குள் வருகிறது. சிறு உணவு வணிகருக்கான பதிவு இணையத்திலேயே செய்யலாம்.

சாப்பாடு வாங்கும் ஆளின் முகத்தைப் படம் எடுக்காதீர்கள். அண்டாவையும் உங்கள் ஆட்களையும் எடுத்துக்கொள்ளுங்கள், போதும்.

---

முலுண்ட்_மாமி:

போர்வை எதுக்கு? ஜனவரியில டெல்லிக்குத்தான் போர்வை. மும்பையில ராத்திரி 16, 17 டிகிரி, அதுவும் சில நாள்தான். நடைபாதையில படுக்கறவாளுக்குக் கொசுவும் கீழேயிருந்து ஏர்ற ஈரமும்தான் தொந்தரவு. அதே காசுக்குப் பாயும், ஒத்தை ஆள் கொசுவலையும் வாங்குங்கோ. மூடி போட்ட பிளாஸ்டிக் வாளி, மக், சோப்பு, துணி காயப்போடக் கயிறு சேர்த்து ஒரு மூட்டையாக் கட்டிக் கொடுத்தா மாசக்கணக்கில தங்கியிருக்கற குடும்பத்துக்கு உபயோகம். போர்வை அவாகிட்ட ஏற்கெனவே நாலு இருக்கும். வைக்க இடமில்லாம அதுக்கு மேலேயே படுத்திண்டிருப்பா.

நாட்டு நலப்பணி நேரத்தைப் பத்திக் கேட்டிருந்தேள். வருஷத்துக்கு 120 மணி நேரம் அவாளுக்குத் தேவை. ஆனா கல்லூரித் திட்ட அலுவலர் முன்கூட்டியே எழுத்துல ஒத்துண்டாத்தான் சேரும். நிகழ்ச்சி முடிஞ்சப்புறம் சான்றிதழோட போய் நின்னா சேர்க்கமாட்டா. இப்பவே கடிதம் கொடுங்கோ.

---

சிவப்பணு:

ஜனவரி 26 முகாமைப் பற்றி மட்டும் சொல்கிறேன். வைக்காதீர்கள்.

ரத்தம் அரிசி மாதிரி மூட்டை கட்டி வைக்கும் பொருள் இல்லை. சிவப்பணு 35 நாள், கெடாமல் காக்கும் கூடுதல் கரைசல் கலந்தால் 42 நாள். தட்டணு வெறும் 5 நாள். குடியரசு தினம், சுதந்திர தினம், தலைவர்களின் பிறந்தநாள் என்று எல்லாக் குழுவும் ஒரே நாளில் முகாம் வைத்தால் அந்த வாரம் ரத்த மையத்தில் பை வைக்க இடமிருக்காது. அதுவே ஏப்ரல் கடைசியிலிருந்து மே முழுக்கவும், தீபாவளிச் சமயத்திலும் தட்டுப்பாடு. கல்லூரி மூடியிருக்கும், ஆபீஸ்காரர்கள் ஊருக்குப் போயிருப்பார்கள், நம்மவர்கள் பாதிப் பேர் திருநெல்வேலி ரயிலில் இருப்பார்கள்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஆண்கள் ஒருமுறை கொடுத்தால் 90 நாள், பெண்கள் 120 நாள் இடைவெளி விட வேண்டும். ஜனவரி 26 அன்று கொடுத்த ஆண் மறுபடி கொடுக்கத் தகுதி பெறுவது ஏப்ரல் 26. பெண்ணுக்கு மே 26. அதாவது வேண்டாத நேரத்தில் வாங்கி, வேண்டிய மாதத்தில் உங்கள் பெண் உறுப்பினர்களைப் பூட்டிவைக்கிறீர்கள்.

விடுமுறையை ஒட்டித்தான் முகாம் வேண்டும் என்றால் மே 1 இருக்கிறது. மகாராஷ்டிரா தினம், 1960இல் மாநிலம் பிறந்த நாள், பொது விடுமுறை, சரியான தட்டுப்பாட்டுக் காலம். வெயிலுக்காகக் காலை 8 முதல் 12 வரை, ஏ.சி. ஹாலாக இருந்தால் நல்லது.

தகுதி: 18 முதல் 65 வயது (முதல் தடவை என்றால் 60 வரை), எடை குறைந்தது 45 கிலோ, ஹீமோகுளோபின் 12.5. பச்சை குத்தி 12 மாதம் ஆகாதவர்கள் முடியாது. கல்லூரிக் கூட்டத்தில் இதில் நிறையப் பேர் அடிபடுவார்கள், முன்பதிவுப் படிவத்திலேயே கேட்டுவிடுங்கள். வெறும் வயிற்றோடு வரக்கூடாது. பண்டிகை நாளில் முகாம் வைத்தால் விரதத்தோடு வந்து நிற்பவர்கள் உண்டு. மயங்கி விழுவது பெரும்பாலும் அவர்கள்தான். மூன்று மணி நேரத்துக்குள் நன்றாகச் சாப்பிட்டு, அரை லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

50 பேருக்கு நாலு கட்டில் போதும். ரத்தம் எடுக்க 8, 10 நிமிடம்தான், ஆனால் படிவம், பரிசோதனை, பிறகு 15 நிமிட ஓய்வு சேர்த்தால் ஆளுக்கு முக்கால் மணி. ஓய்வு இடத்திலிருந்து எழுந்து நேரே மாடிப்படி இறங்கும்படி ஹாலை அமைக்காதீர்கள், அங்கேதான் விழுவார்கள். ரத்த மையத்திடம் கேட்க வேண்டிய ஒரே கேள்வி: எத்தனை பை உங்களால் இந்த வாரம் பயன்படுத்த முடியும்? அவர்கள் 40 என்றால் 40உடன் நிறுத்துங்கள். மீதிப் பேரின் பெயர், ரத்த வகை, போன் எண்ணை எழுதி வையுங்கள். அவசரத்துக்கு அந்தப் பட்டியல்தான் உதவும்.

---

பருந்துப்பார்வை:

ஓர் உபரி யோசனை. தை 1 இங்கே மகர சங்கராந்தி, பட்டம் விடும் நாள். சாப்பாட்டு வேலை முடிந்து சாயங்காலம் கை சும்மா இருக்கும் பத்துப் பேரை வளாகத்தைச் சுற்றி மரத்திலும் கம்பியிலும் சிக்கிய மாஞ்சாவை எடுக்க விடுங்கள். தடித்த கையுறை, நீளமான மூங்கில் கழி, கத்தரிக்கோல் போதும். மின்கம்பியில் தொங்குவதைத் தொடாதீர்கள், உலோகத் தூள் பூசிய நூலில் மின்சாரம் இறங்கும். நைலான் மாஞ்சாவுக்கு 2017லிருந்து தடை உண்டு, ஆனாலும் விற்கிறது.

அடிபட்ட பறவை கிடைத்தால் நூலை இழுக்காதீர்கள், இரண்டு பக்கமும் வெட்டிவிட்டுச் சதையில் இருப்பதை அப்படியே விடுங்கள். துணியால் மூடி, ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில், இருட்டில். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும். வனத்துறை எண் 1926. பரேலிலேயே பாய் சகர்பாய் தின்ஷா பெட்டிட் கால்நடை மருத்துவமனை இருக்கிறது.

---

செம்பூர்_தொண்டர்குழு:

எல்லோருக்கும் நன்றி. குழுவில் பேசினோம். ரத்தமுகாம் மே 1க்கு மாறுகிறது. போர்வைக்குப் பதில் பாய், கொசுவலை, வாளி. ஒரு தர்மசாலையில் பேசியதில் மதியத்துக்கு ஏற்கெனவே ஆள் இருக்கிறார்கள், இரவு 8 மணி காலி, 200 பேர் என்றார்கள். அண்ணாச்சி, இரவுக்கு மாற்றினால் அளவும் நேரமும் எப்படி? காலையில் சமைத்ததைச் சூடுபண்ணலாமா? மிச்சமானால் என்ன செய்வது?

---

அடுப்படி_அண்ணாச்சி:

காலையில சமைச்சதைச் சாயங்காலம் கொடுக்கவே கூடாது. வெந்த அரிசியில வளர்ற கிருமி விடுற விஷத்துல ஒண்ணு சூடுபண்ணினாலும் போகாது. வாடையும் தெரியாது, ருசியும் மாறாது, ராத்திரி வாந்தி எடுக்கும்போதுதான் தெரியும். பகல் ரெண்டு மணிக்கு அடுப்பு ஏத்துங்க. அதே வரிசை, சர்க்கரைப் பொங்கல் முதல்ல, வெண்பொங்கல் கடைசி. ஆறரைக்கு இறக்கி ஏழுக்குள்ள கிளம்பிடணும், சாயங்கால நெரிசலுக்கு ஒரு மணி நேரம் பிடிச்சு வைங்க.

200 பேருக்கு எல்லாத்தையும் மூணுல ரெண்டு பங்காக்குங்க: வெண்பொங்கலுக்கு அரிசி 8 கிலோ, பருப்பு 3, சர்க்கரைப் பொங்கலுக்கு அரிசி 3, வெல்லம் அஞ்சேகால். தண்ணியை மட்டும் அப்படியே குறைக்காதீங்க. அண்டா அதே அகலம், ஆவி அதே அளவு போகும். 50 லிட்டர் கணக்கு வந்தா 54 வைங்க. ராத்திரிச் சாப்பாடுங்கிறதால நெய்யை 1 கிலோவுக்குக் குறைச்சாலும் யாரும் கேட்கப் போறதில்லை.

சமையலுக்கான வெப்பமானி ஒண்ணு வாங்குங்க, கம்பி மாதிரி உள்ளே குத்திப் பார்க்கிறது. பரிமாறுற இடத்துல அண்டா நடுவுல 60 டிகிரிக்குக் கீழே இறங்கக் கூடாது. இறங்கிடுச்சுன்னா உடனே பரிமாறி முடிச்சிடுங்க. இறக்கி நாலு மணி நேரம் தாண்டினதை யாருக்கும் கொடுக்காதீங்க. பத்தரைக்கு மேல மிச்சம் இருந்தா ஈரக் குப்பைக்குத்தான் போகணும், வாட்ச்மேனுக்குக் கூடக் கிடையாது. அது நடக்காம இருக்க எட்டரைக்கே உங்க ஆளுங்க 28 பேரையும் சாப்பிட உட்கார வச்சிடுங்க, அவங்க பங்கு இந்த 200ல சேரல. அரிசி இன்னொரு கிலோ கூட்டிப் போடுங்க.